குடும்பம் மாறும் கதையில் தோழியின் இடம்

எந்த ஊர்ப் பள்ளிக்கூடமானாலும் சரி, அம்மாவோடு மட்டும் வாழ்கிற பிள்ளை ஒருத்தி அங்கே படிப்பாள். பாட்டி வளர்க்கிற பையன் இருப்பான். அப்பா வளைகுடாவில் வேலை பார்க்க, அவர் குரலை போனிலேயே கேட்டு வளர்ந்தவன் இருப்பான். அம்மா மறுமணம் செய்துகொண்டதால் புதுத் தெருவுக்குக் குடிவந்தவளும் இருப்பாள். இவர்களை மனதில் வைத்து எழுதப்பட்ட சிறார் கதைகள் தமிழில் மிகக் குறைவு. அதனால் இந்தப் பக்கம் யார் எழுத வந்தாலும் வரவேற்க வேண்டும்.

ஆனால் எழுதத் தொடங்கும்போதே ஒரு வசதியான முடிவு வந்து காத்து நிற்கும். பிள்ளைக்குக் காய்ச்சல் வருகிறது, ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள், கட்டிலின் இந்தப் பக்கம் அம்மாவும் அந்தப் பக்கம் அப்பாவும் நிற்கிறார்கள். பிள்ளை கண் திறக்கும்போது இருவரும் சமாதானமாகிவிட்டிருக்கிறார்கள். அந்த முடிவைத் தொடாமல் எப்படிக் கதையைக் கொண்டுசெல்வது, காலியாகும் அந்த இடத்தில் யாரை வைப்பது என்பதுதான் இந்த அத்தியாயம். நான் வைக்கச் சொல்வது ஒரு நண்பனை, அல்லது ஒரு தோழியை.

சேர்த்துவைக்கும் ஆசை

பெற்றோரைப் பிள்ளைகள் சேர்த்துவைக்கும் கதை திரை வழியாக நமக்கு நன்றாகப் பழகியது. அதன் மூலம் ஒரு ஜெர்மன் சிறார் நாவல். எரிக் கெஸ்ட்னர் 1949இல் வெளியிட்ட அந்த நாவலில், வியன்னாவில் அப்பாவிடம் வளரும் லூயிஸேயும் மியூனிக்கில் அம்மாவிடம் வளரும் லோட்டேயும் ஒரு விடுமுறை இல்லத்தில் சந்திக்கிறார்கள். அச்சில் வார்த்தாற்போல் ஒரே முகம். தாங்கள் இரட்டையர் என்பது தெரிந்ததும் இடம் மாறி ஒருத்தி வீட்டுக்கு இன்னொருத்தி போகிறாள். கடைசியில் பெற்றோர் மீண்டும் மணந்துகொள்கிறார்கள். நான் மேலே சொன்ன காய்ச்சலும் இந்த நாவலில் உண்டு. டிஸ்னி 1961இல் இதை 'தி பேரண்ட் ட்ராப்' என்று படமாக்கியது. அதைத் தழுவி 1965இல் ஏவி.எம். தயாரிப்பில், கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில் 'குழந்தையும் தெய்வமும்' வந்தது. குட்டி பத்மினியின் இரட்டை வேடத்தை இன்றும் நினைவு வைத்திருப்பவர்கள் உண்டு.

இன்னொரு வழித்தடமும் இருக்கிறது. ஆன் ஃபைன் 1987இல் எழுதிய 'மேடம் டவுட்ஃபயர்' நாவலில், பிரிந்த மனைவியின் வீட்டுக்கே வேலைக்காரி வேடமிட்டு வருகிறார் அப்பா. பிள்ளைகளோடு கூடுதல் நேரம் இருக்க அவருக்கு வேறு வழி தெரியவில்லை. 1993இல் ஹாலிவுட் படம், 1996இல் நம் 'அவ்வை சண்முகி'. நாவலில் கணவனும் மனைவியும் மீண்டும் சேர்வதில்லை. ஹாலிவுட் படத்திலும் சேர்வதில்லை. தமிழுக்கு வந்ததும் சேர்ந்துவிட்டார்கள்.

சினிமாவுக்கு அதன் நியாயம் இருக்கலாம். பத்து வயதுப் பிள்ளை தனியாக உட்கார்ந்து படிக்கும் புத்தகத்துக்கு வேறு பொறுப்பு இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் உண்மையிலேயே பிரிந்துவிட்ட ஒரு சிறுமி இந்த வகை முடிவைப் படித்தால், அந்தக் கதையில் வந்த பெண் கெட்டிக்காரி, சேர்த்துவைத்தாள், எனக்குத்தான் சாமர்த்தியம் போதவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வாள். பிரிவுக்குத் தான் காரணமோ என்று ஏற்கெனவே குமைந்துகொண்டிருக்கும் மனதில் இன்னொரு சுமையையும் ஏற்றிவிட்டோம்.

கெஸ்ட்னரைக் குறைத்துப் பேசுவதாக நினைக்க வேண்டாம். விவாகரத்து என்ற விஷயத்தைச் சிறார் நாவலின் நடுக்கூடத்துக்கு அவர் கொண்டுவந்த காலத்தில் அதற்கே தைரியம் வேண்டியிருந்தது. இதையெல்லாம் பிள்ளைகளிடம் சொல்லலாமா என்று கேட்கக்கூடிய பெரியவர்களுக்காகக் கதையை நடுவில் நிறுத்தி, அங்கேயே பதிலும் சொல்லிவிட்டுப் போகிறார். அந்தத் தைரியத்தை அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். முடிவை விட்டுவிடுங்கள்.

நண்பன் என்ன செய்கிறான்

பெற்றோர் பிரிகிறார்கள், வீடு மாறுகிறது, பள்ளிக்கூடம் மாறுகிறது. இதில் ஒன்றைக்கூடப் பிள்ளையைக் கேட்டு யாரும் முடிவு செய்வதில்லை. அந்த வயதில் பிள்ளை தானாகத் தேர்ந்துகொள்ளக்கூடிய உறவு ஒன்றே ஒன்று, நட்பு. ஆகவே கதையின் முடிச்சை நட்பில் போடுங்கள். குடும்பத்தில் நடப்பது நடக்கட்டும். அதன் அதிர்வு நட்பில் எங்கே வந்து இடிக்கிறது என்று பாருங்கள்.

இதை மிக நேர்த்தியாகச் செய்த புத்தகம் பெவர்லி கிளியரியின் 'டியர் மிஸ்டர் ஹென்ஷா'. 1983இல் வெளிவந்து, மறு ஆண்டு நியூபெரி விருது பெற்றது. ஒருவரையொருவர் அறியாத இரண்டு சிறுவர்கள், பெற்றோர் விவாகரத்தான ஒரு பையனைப் பற்றி எழுதச் சொல்லி கிளியரியைக் கேட்டார்கள். அதிலிருந்து பிறந்த நாவல் இது.

லீ பாட்ஸ் ஆறாம் வகுப்பு மாணவன். அப்பா லாரி ஓட்டுகிறவர், எந்த ஊரில் இருக்கிறார் என்று சொல்ல முடியாது. அம்மாவோடு கலிஃபோர்னியாவில் கடலோரத்து ஊர் ஒன்றுக்குக் குடிவந்திருக்கிறான். பள்ளியில் யாரையும் தெரியாது. அம்மா விருந்துச் சமையல் செய்து தரும் இடத்தில் வேலை பார்ப்பதால் அவன் மதிய உணவுப் பையில் நல்ல பண்டங்கள் இருக்கின்றன. யாரோ தினமும் அவற்றைத் திருடுகிறார்கள்.

கிளியரி எடுத்துக்கொண்ட பிரச்சினையின் அளவைக் கவனியுங்கள். அப்பா போன் செய்வதாகச் சொல்லிவிட்டுச் செய்யாமல் போகிறார். லீயே ஒருமுறை கூப்பிடும்போது, அப்பாவை பீட்சா வாங்கப் போக அழைக்கும் வேறொரு பையனின் குரல் பின்னால் கேட்கிறது. இந்த இடம் படிப்பவர் நெஞ்சை அடைக்கும். ஆனால் இதற்கு லீ செய்யக்கூடியது எதுவும் இல்லை. சாப்பாட்டுத் திருட்டுக்குச் செய்யலாம். பேட்டரி, அழைப்பு மணி, கொஞ்சம் ஒயர் வாங்கி, சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் அலறும்படி ஓர் அலாரம் செய்கிறான். மதியம் தானே அதைத் திறக்க வேண்டிவரும்போது கூடம் முழுக்க மணி அதிர்கிறது. எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். திருடன் யாரென்று கடைசிவரை தெரிவதில்லை. ஆனால் பாரி என்ற பையன் வந்து, தங்கைகள் தன் அறைக்குள் நுழையாமலிருக்கக் கதவுக்கு ஓர் அலாரம் செய்ய உதவ முடியுமா என்று கேட்கிறான். நட்பு அங்கே தொடங்குகிறது. அப்பா விஷயத்தில் கை கட்டப்பட்டிருக்கும் பையனுக்குக் கையால் செய்ய ஒரு வேலையும், அந்த வேலை வழியாக ஒரு வீட்டு வாசலும் கிடைக்கின்றன. பாரி அவனுக்கு ஆறுதல் சொல்வதே இல்லை. ஆறுதல் சொல்லியிருந்தால் நான் இந்த நாவலை இவ்வளவு தூரம் பரிந்துரைக்க மாட்டேன்.

இதன் தொடர்ச்சியான 'ஸ்ட்ரைடர்' (1991) நாவலில் கிளியரி இன்னும் ஒரு படி போகிறார். கடற்கரையில் யாரோ விட்டுவிட்டுப் போன நாயை லீயும் பாரியும் கூட்டுப் பொறுப்பில் வளர்க்க ஒப்பந்தம் போடுகிறார்கள். விவாகரத்தான பெற்றோர் பிள்ளையைப் பங்கிட்டுக்கொள்ளும் அதே ஏற்பாடு. பெரியவர்களின் உலகில் தங்களுக்கு நேர்ந்ததைப் பையன்கள் நாயை வைத்துத் தாங்களே நடத்திப் பார்க்கிறார்கள், அந்தப் பங்கீடு நட்பிலும் விரிசலை உண்டாக்குகிறது. இந்த நாய் எதன் குறியீடு என்று நாவலில் ஒருவரும் விளக்கவில்லை. நீங்களும் விளக்காதீர்கள்.

நண்பர் வேறு வகையிலும் பயன்படலாம். ஜூடி ப்ளூமின் 'இட்ஸ் நாட் தி எண்ட் ஆஃப் தி வேர்ல்ட்' (1972) நாவலில் கேரனின் தோழி வால், இதே பாதையில் முன்னால் போனவள். அவளுடைய பெற்றோர் முன்பே பிரிந்தவர்கள். கேரன் இன்னும் சேர்த்துவைக்கும் திட்டம் போட்டுக்கொண்டிருக்கையில் வால் கண்ணைத் திறந்து நடப்பதைப் பார்க்கச் சொல்கிறாள். முன்னால் போனவள் எல்லாம் தெரிந்தவளாக இருக்க வேண்டியதில்லை. வாலுக்கே ஆறாத காயங்கள் இருக்கின்றன.

ஜாக்குலின் வில்சனின் 'தி சூட்கேஸ் கிட்' (1992) எதிர்ப்பக்கத்தைக் காட்டுகிறது. ஆண்டி ஒரு வாரம் அம்மாவின் புதுக் குடும்பத்தில், மறு வாரம் அப்பாவின் புதுக் குடும்பத்தில். இந்த அலைச்சலில் நெருங்கிய தோழி ஐலீன் கொஞ்சம் கொஞ்சமாக விலகிப்போகிறாள். சண்டை கிடையாது, துரோகம் கிடையாது. கூட இருக்க நேரம் இல்லை, அவ்வளவுதான். பிள்ளைகள் வாழ்க்கையில் இது எவ்வளவு சகஜம். கதைகளில்தான் அபூர்வம்.

ஓர் எடுத்துக்காட்டைக் கட்டிப் பார்ப்போம்

வட சென்னைக் கதை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பழைய வண்ணாரப்பேட்டையில் அம்மாவோடும் ஆயாவோடும் இருக்கிறாள் ஆனந்தி, ஆறாம் வகுப்பு. பர்வீன் அவளுடைய கேரம் பார்ட்னர். இருவரும் இரட்டையர் ஆட்டத்துக்குப் பயிற்சி எடுக்கிறார்கள். கிளப்பில் பயிற்சி ஞாயிற்றுக்கிழமை. ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறு ஆனந்தி அம்பத்தூரில் அப்பா வீட்டுக்குப் போக வேண்டும், அது கோர்ட்டில் முடிவானது. பர்வீனிடம் அவள் இதைச் சொல்லவில்லை.

பெற்றோரின் ஏற்பாடு நட்பின் கால அட்டவணையில் வந்து மோதுகிறது. கதைக்கு இந்த மோதலே போதும், வில்லன் வேண்டாம். இதில் ஒரு காட்சியை எப்படி எழுதலாம் என்று பாருங்கள்.

திங்கட்கிழமை இன்டர்வெல்லில் பர்வீன் பேசவே இல்லை. குழாயடியில் கூட்டம் குறைந்ததும் ஆனந்திதான் ஆரம்பித்தாள்.

"கோச் என்ன சொன்னாரு?"

"என்ன சொல்வாரு? பார்ட்னர் இல்லாம எதுக்கு வந்தேன்னாரு. ஓரமா உக்காந்து சின்னப் பசங்களுக்குக் காய் அடுக்கிக் குடுத்தேன்."

"எனக்கு உடம்பு சரியில்லடி."

"போன தடவையும் அதான் சொன்ன. அதுக்கு முன்னாடி ஆயாகூட ஊருக்குப் போனேன்ன. ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு கரெக்டா வருமாடி காய்ச்சல்?"

ஆனந்தி பாட்டிலைத் திருகி மூடினாள். மறுபடி திறந்தாள்.

"எங்கப்பா வீட்டுக்குப் போறேன்."

"உங்கப்பா வீடுன்னா? உங்க வீட்ல இல்லையா அவரு?"

"இல்ல. அம்பத்தூர்ல."

பர்வீன் கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தாள்.

"சரி. அங்க கேரம் போர்டு இருக்கா?"

காட்சியை அங்கே நிறுத்திவிடுங்கள். 'அழாதே, நான் இருக்கேன்ல' என்று பர்வீன் கட்டிப்பிடிக்க வேண்டாம். பதினோரு வயதுப் பிள்ளையின் அக்கறை அப்படிப் பேசாது. போர்டு இருக்கிறதா என்ற கேள்வியில் அக்கறை முழுக்க இருக்கிறது, அடுத்த அத்தியாயத்துக்கான வேலையும் இருக்கிறது. ஆனந்தி பாட்டிலைத் திருகுவதற்கும் ஒரு காரணம் உண்டு. சொல்லத் தயங்கும் பிள்ளையின் தயக்கத்தை 'அவள் மனம் கனத்தது' என்று எழுதினால் படிக்கும் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. கை என்ன செய்தது என்று எழுதினால் தெரியும்.

அடுத்து, ஆனந்தி எதைத் தீர்க்க முடியும்? அப்பா அம்மா பிரச்சினையைத் தீர்க்க முடியாது. அப்பாவிடம் ஒன்று கேட்க முடியும்: "அப்பா, அடுத்த ஞாயித்துக்கிழமை என்னைக் கிளப்புக்குக் கூட்டிட்டுப் போயிட்டு, முடியற வரைக்கும் அங்கயே இருக்கியா?" கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் இதுவரை அவள் வாயிலிருந்து அப்பாவுக்குப் போனதெல்லாம் அம்மா சொல்லியனுப்பியது. ஸ்கூல் ஃபீஸ், டாக்டர் செலவு, எத்தனை மணிக்குக் கொண்டுவந்து விடுவது. இரண்டு வீட்டுக்கும் நடுவே தூதுபோகும் பிள்ளைகள் ஏராளம். தனக்காக ஒன்று கேட்பதே அவளுக்குப் புதிது. நாவலின் உச்சத்தை நான் அங்கே வைப்பேன். அவர் சரி என்கிறாரா என்பதைவிட, கேட்பதற்கு முன் அவள் எத்தனை முறை வாயெடுத்து நிறுத்துகிறாள் என்பதற்குப் பக்கங்களைச் செலவிடுங்கள்.

பர்வீனுக்கும் ஒரு வீடு கொடுங்கள். நண்பர் பாத்திரங்கள் பெரும்பாலும் வீடில்லாமல் பள்ளி வராந்தாவிலேயே வாழ்கின்றன. அத்தா, அம்மா, இரண்டு அண்ணன்கள், ஒரே அறையில் படிப்பு, சாப்பாடு, தூக்கம் எல்லாம். ஆனந்திக்கு அந்த நெரிசல் சொர்க்கமாகத் தெரிகிறது. பர்வீனுக்கோ அம்பத்தூரில் ஆனந்திக்கென்று தனி அலமாரி இருக்கிறது என்று கேட்டதும் பொறாமை. ஒருத்தியின் குறை இன்னொருத்திக்கு வசதியாகத் தெரியும் இந்த இடத்தை விட்டுவிடாதீர்கள். நட்பில் வரும் உண்மையான சண்டை இங்கேதான் பிறக்கும்.

புதிதாக வருபவர்

மறுமணக் கதைகளில் நமக்கு ஒரு பழைய நோய் உண்டு, கொடுமைக்காரச் சித்தி. நாட்டார் கதையில் அவளுக்கு இடம் இருக்கலாம். இன்றைய பிள்ளைக்கு எழுதும்போது அவளை வெளியே நிறுத்துங்கள். உங்கள் வாசகர்களில் ஒருத்தியின் வீட்டில் இன்று மாலை ஒரு சித்தி இட்லி ஊற்றிக்கொண்டிருப்பாள். அவள் நல்லவளாகவும் இருக்கக்கூடும், எரிச்சல்காரியாகவும் இருக்கக்கூடும், பெரும்பாலும் இரண்டும். அந்தப் பிள்ளை உங்கள் கதையை வைத்து அவளை அளக்கும்.

ஆன் ஃபைனின் 'காகிள்-ஐஸ்' (1989, கார்னகி பதக்கம் பெற்றது) இந்த விஷயத்தில் நல்ல பாடம். அம்மாவின் நண்பராக வீட்டுக்கு வரும் ஜெரால்டை கிட்டிக்கு அறவே பிடிக்கவில்லை. அவர் விளக்கை அணைப்பது, அறை குப்பையாகக் கிடக்கிறது என்று சொல்வது, அரசியலில் அம்மாவுக்கு எதிராகப் பேசுவது எல்லாமே எரிச்சல். தங்கையோ முதல் நாளே அவரோடு ஒட்டிக்கொள்கிறாள். அவர் திருந்துவதும் இல்லை, தியாகம் செய்வதும் இல்லை. இருந்தபடியே இருக்கிறார். கிட்டிதான் பழகிக்கொள்கிறாள், ஒருநாள் அவர் வராமல் போனபோது வீடு வெறிச்சென்று இருப்பது அவளுக்கே ஆச்சரியமாகிறது.

இந்த முழுக்கதையையும் கிட்டி சொல்வது பள்ளியில், யாரோ தொலைத்துவிட்டுப்போன பொருள்களைப் போட்டு வைக்கும் சின்ன அறையில். கேட்பவள் ஹெலன், அம்மாவின் மறுமணச் செய்தியால் அன்று காலை அழுதுகொண்டு வந்தவள். அவர்கள் முன்பு நெருங்கிய தோழிகளும் அல்ல. ஆசிரியை கிட்டியை அனுப்பிவைத்ததற்குக் காரணம், இதே வழியில் அவள் ஏற்கெனவே நடந்திருப்பதுதான். ஆறுதலுக்குப் பதில் கதை சொல்கிறாள், சிரிக்க வைத்துச் சொல்கிறாள். துயரமான விஷயம் என்பதற்காக நாவல் முழுக்க மூக்கை உறிஞ்ச வேண்டியதில்லை என்பதற்கு இந்தப் புத்தகம் நல்ல சாட்சி.

தமிழில் எழுதும்போது நமக்குக் கூடுதலாக ஒரு சங்கடம் இருக்கிறது, சரியாகக் கையாண்டால் அதுவே வரமும் ஆகும். நாம் பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, முறை சொல்லித்தான் கூப்பிடுவோம். அம்மாவை மணந்துகொண்டவரை என்னவென்று கூப்பிடுவது? அப்பா என்று சொல்ல வாய் வராது. அங்கிள் என்றால் அம்மாவின் முகம் சுருங்கும். சித்தப்பா என்று ஆயா சொல்லிக்கொடுப்பாள், அதுவும் ஒட்டாது. பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்றால், கூப்பிடாமலே காலம் தள்ளுகிறார்கள். அறை வாசலில் நின்று, அவர் திரும்பிப் பார்க்கும் வரை காத்திருந்து, "அம்மா சாப்பிட வரச் சொன்னாங்க" என்று சொல்லிவிட்டு ஓடிவிடுகிறார்கள். இரண்டு அறை தள்ளி இருக்கிறவரைக் கூப்பிட வேண்டிய அவசரம் ஒன்றை உண்டாக்குங்கள். பால் பொங்குகிறது, ஆயா வழுக்கி விழுந்துவிட்டாள், ஏதாவது ஒன்று. அப்போது பிள்ளையின் வாயிலிருந்து என்ன முறை வருகிறது என்று எழுதிப் பாருங்கள். அந்தக் காட்சி தமிழில் மட்டுமே சாத்தியம்.

விவரங்களைச் சரிபாருங்கள்

'அடுத்த வாரமே கோர்ட்டில் விவாகரத்து கிடைத்தது' என்று எழுதிவிட்டால், வீட்டில் வழக்கு நடந்த பிள்ளை புத்தகத்தை மூடிவிடும். இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவின்படி இருவரும் சம்மதித்துப் பிரிவதற்கே ஓர் ஆண்டு தனித்து வாழ்ந்திருக்க வேண்டும். மனு கொடுத்த பிறகு ஆறு மாதக் காத்திருப்பு உண்டு. தகுந்த காரணம் இருந்தால் அந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் தளர்த்தலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒருவர் எதிர்த்து நடத்தும் வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும், அதற்குள் உங்கள் கதாநாயகி இரண்டு வகுப்பு ஏறியிருப்பாள். கிறிஸ்தவக் குடும்பமென்றால் சட்டம் வேறு. 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி, விவரம் தெரிந்த வயதுப் பிள்ளையின் விருப்பத்தை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம். நீதிபதி பிள்ளையைத் தன் அறைக்கு அழைத்துப் பேசுவதும் உண்டு. அந்த அறையில் என்ன சொன்னால் யாருக்கு வலிக்கும் என்று ஒரு பிள்ளை போடும் கணக்கு தனி நாவலுக்கே போதும்.

விவாகரத்தை விட்டு வேறு மாற்றங்களை எழுதுகிறவர்களும் இதே கவனத்தோடு விசாரித்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து பல வருஷம் கழித்துத் திரும்பும் அப்பாவைப் பற்றிய கதைக்கு அவர் எத்தனை நாள் விடுப்பில் வருவார், பெட்டியில் என்ன இருக்கும், முதல் வாரம் வீட்டில் யார் எங்கே படுப்பார்கள் என்பது தெரிந்தாக வேண்டும். வளர்ப்புக் குடும்பங்களைப் பற்றி எழுத விரும்பினால் கேதரின் பாட்டர்சனின் 'தி கிரேட் கில்லி ஹாப்கின்ஸ்' (1978) படியுங்கள். இரண்டு பிள்ளைகளைச் சிலகாலம் தன் வீட்டில் வைத்து வளர்த்த அனுபவம் அந்த நாவலுக்குப் பின்னால் இருக்கிறது. தான் விரும்பாத வீட்டிலிருந்து தப்பிக்க கில்லி ஒரு கடிதம் எழுதுகிறாள். அந்த வீட்டை நேசிக்கத் தொடங்கிய பிறகு கடிதம் வேலை செய்கிறது.

பிள்ளையின் கையில் ஒரு ஏடு

மேலே சொன்ன நாவல்களில் நான் கவனித்த ஒன்றைச் சொல்லாமல் போகக் கூடாது. லீ கடிதம் எழுதுகிறான், பிறகு நாட்குறிப்பு எழுதுகிறான். கேரன் தன் குறிப்பேட்டில் ஒவ்வொரு நாளுக்கும் பள்ளியில் போடுவதுபோல் கிரேடு போடுகிறாள். ஆண்டியின் கதை ஆங்கில அகரவரிசையில் ஓடுகிறது, அவள் பெயரில் தொடங்கிப் புதிதாகப் பிறந்த தங்கை ஜோயியின் பெயரில் முடிகிறது. வீடு கைவிட்டுப் போகும்போது இந்தப் பிள்ளைகள் ஏதோ ஓர் ஒழுங்கைத் தாங்களே பிடித்துக்கொள்கிறார்கள். எழுத்தாளருக்கும் இது வசதி. பெரியவர்களின் சண்டையில் எவ்வளவு பிள்ளைக்குத் தெரியுமோ அவ்வளவு மட்டும் பக்கத்துக்கு வரும்.

ஆனந்திக்கு நான் ஸ்கோர் நோட்டைக் கொடுப்பேன். எந்த போர்டில் யாருக்கு எத்தனை பாயின்ட், ரெட் யார் போட்டது, வராத ஞாயிறுகளுக்கு நேராக ஒரு கோடு. நடுநடுவே இரண்டு வரி. கதையைத் தன்மையில் எழுதினாலும் படர்க்கையில் எழுதினாலும் இந்த நோட்டு அத்தியாயத் தொடக்கங்களில் வரலாம். பள்ளி டைரியும் நன்றாகப் பயன்படும், பெற்றோர் கையெழுத்துக்கான கட்டம் அதில் வாரம்தோறும் காத்திருக்கும். எதைத் தேர்ந்தாலும் அது பிள்ளை உண்மையிலேயே வைத்திருக்கக்கூடிய ஏடாக இருக்கட்டும். பதினோரு வயதில் யாரும் மூன்று பக்கத்துக்கு மனதை ஆராய்ந்து எழுதுவதில்லை.

கடைசி அத்தியாயமும் முதல் வாசகர்களும்

'டியர் மிஸ்டர் ஹென்ஷா'வில் லீயின் அப்பா கடைசியில் வருகிறார். குடும்பத்து நாயையும் கொண்டுவருகிறார். இன்னொரு வாய்ப்பு கேட்கிறார், அம்மா மறுத்துவிடுகிறாள். லீ நாயை அப்பாவோடே திருப்பி அனுப்புகிறான், லாரியில் தனியாகப் போகிறவருக்குத் துணை வேண்டும் என்று. பெற்றோர் சேரவில்லை, ஆனால் பையன் ஒரு முடிவு எடுத்துவிட்டான். துக்கமும் இருக்கிறது, லேசான மனமும் இருக்கிறது, இரண்டில் எது பெரிது என்று கிளியரி தீர்ப்புச் சொல்லவில்லை.

உங்கள் கடைசி அத்தியாயத்தை எழுதி முடித்ததும், அதில் பெரியவர்கள் பேசும் வசனங்களை மட்டும் சிவப்பு மையில் கோடிடுங்கள். அறிவுரை, விளக்கம், 'நீ வளர்ந்ததும் புரியும்' எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் படியுங்கள். கதை நிற்கிறதென்றால் அவை தேவைப்படவில்லை. நிற்கவில்லையென்றால் பிள்ளை செய்ய வேண்டிய ஏதோ ஒன்றைப் பெரியவர் சொல்லி முடித்துவிட்டார், திரும்பிப் போய் அதைப் பிள்ளையின் கையில் கொடுங்கள்.

பிறகு பிள்ளைகளிடம் வாசித்துக் காட்டுங்கள். நூலகத்திலோ பள்ளியிலோ சேர்ந்தாற்போல் ஐந்தாறு பேர் போதும். வாசிக்கும் முன் ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், அண்மையில் வீட்டில் மரணமோ பிரிவோ நடந்த பிள்ளை இருந்தால் அவளுக்கு எழுந்துபோகும் சுதந்திரம் இருக்க வேண்டும். வாசித்த பின் 'உங்களில் யார் வீட்டில் இப்படி?' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஒரு பிள்ளையை எல்லோர் முன்னாலும் அடையாளம் காட்டிவிடும் கேள்வி அது. பர்வீன் கோபப்பட்டது நியாயமா என்று கேளுங்கள். அடுத்த ஞாயிறு ஆனந்தி என்ன செய்யலாம் என்று கேளுங்கள். கதையில் வரும் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவதற்கு யாரும் தயங்குவதில்லை, தன் வீட்டுக் கதையைச் சொல்ல விரும்புகிறவள் அதன் வழியாகவே சொல்லிக்கொள்வாள். எந்த இடத்தில் கவனம் சிதறி ஜன்னல் பக்கம் பார்த்தார்கள் என்று எழுத்துப்படியின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அந்த இடங்களில் நீங்கள் அப்பா அம்மாவின் பக்க நியாயங்களை விளக்கிக்கொண்டிருப்பீர்கள். அந்தப் பத்திகளைக் குறைத்து, இரண்டு வாரம் கழித்து அதே பிள்ளைகளிடம் மறுபடி எடுத்துப் போங்கள்.